டிராஃப்டுக்கு வரும் பையனை எப்படி எடைபோடுவது? ஃபுட்டி ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால், நம் வாயில் ஃபுட்டி. சீசன் முடியப்போகிற நேரம் வந்தால் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: அந்தப் பையன் நிஜமாகவே அவ்வளவு நல்ல ஆட்டக்காரனா, நம்ம கிளப் அவனை எடுக்கலாமா, மூன்று நிமிஷ வீடியோவில் பிரமாதமாக இருக்கிறானே, அதை நம்பலாமா. 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களை வருஷக்கணக்காக மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்து வருகிறவன் என்ற முறையில் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். இந்த வருஷம் யார் நன்றாக ஆடினான் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். 23 வயதில், வளர்ந்த ஆண்களுக்கு நடுவில் இவன் என்னவாக இருப்பான் என்று கணிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஏ.எஃப்.எல். என்னும் தேசிய லீக்கில் 18 கிளப்புகள். வருஷா வருஷம் நவம்பரில் அவை வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். புள்ளிப் பட்டியலில் கடைசியில் வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற கிளப்புக்குக் கடைசி வாய்ப்பு. 1986இல் தொடங்கிய முறை இது. கிளப்புகள் தேர்வு எண்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதால் வரிசை கொஞ்சம் கலைந்துதான் வரும். எந்தக் கிளப்புக்குப் போவது என்று முடிவு செய்யும் உரிமை பையனுக்குக் கிடையாது. பெர்த்தில் பிறந்து வளர்ந்தவன் ஒரே ராத்திரியில் மெல்பர்ன்காரன் ஆகிவிடுவான்.

எத்தனை வயதுப் பையன்கள் வருகிறார்கள்? பிறந்த மாதம் அவ்வளவு முக்கியமா?

டிராஃப்ட் நடக்கும் வருஷம் டிசம்பர் 31க்குள் 18 நிறைய வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்பார்கள், இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி இருக்கும். 18 வயதில் ஒரு வருஷம் என்பது சாதாரண விஷயம் இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: 12, 13 வயதிலேயே பெரிய உடம்புக்காரப் பையன்களைப் பயிற்சியாளர்கள் மிட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் நடுப்பகுதியில், போட்டுவிடுகிறார்கள், அவர்களுக்குப் பந்து அதிகம் கிடைக்கிறது, மாநில அணிக்குப் போகிறார்கள், நல்ல பயிற்சியும் அவர்களுக்கே போகிறது. சின்ன உடம்புக்காரன் கோலுக்குப் பக்கத்து மூலையான பாக்கெட்டில் நின்றுகொண்டு, ஒரு ஆட்டத்தில் எட்டு முறை பந்தைத் தொட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவான்.

அதனால் நான் ஒரு பையனைப் பார்த்தால் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அவன் பிறந்த தேதி, அடுத்து அவன் எப்போது உயரம் போட்டான் என்பது. 15 வயதிலேயே முழு ஆளாக வளர்ந்து, தோளாலேயே மற்றவர்களை ஒதுக்கித் தள்ளி ஆடிப் பழகியவனுக்கு அந்தச் சாதகம் ஏ.எஃப்.எல்.லில் முதல் நாளே போய்விடும். அங்கே எல்லோருக்கும் அந்தத் தோள் இருக்கும். மெலிந்த உடம்போடு, மூளையாலும் காலாலும் சமாளித்து 20 முறை பந்தை எடுப்பவன் என்றால் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன், ஏனென்றால் உடம்பு பின்னால் வந்துவிடும்.

இவர்களை எங்கே பார்க்கலாம்?

விக்டோரியாவில் கோட்ஸ் டேலண்ட் லீக், முன்பு டி.ஏ.சி. கப் என்று பெயர். ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ், டாண்டினாங் ஸ்டிங்ரேஸ், பெண்டிகோ பயனியர்ஸ், கிப்ஸ்லாண்ட் பவர் என்று வட்டாரத்துக்கு ஒரு அணி. டாண்டினாங்கின் ஷெப்லி ஓவல் போன்ற மைதானங்களில் வேலிக்கு ஒட்டி நின்றே பார்க்கலாம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதுகூடக் காதில் விழும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த மாநில லீக்கான டபிள்யூ.ஏ.எஃப்.எல்.லின் கோல்ட்ஸ் என்னும் இளையோர் அணிகள், தெற்கு ஆஸ்திரேலியாவில் அதன் லீக்கான எஸ்.ஏ.என்.எஃப்.எல்.லின் இளையோர் அணிகள். வருஷ நடுவில் மாநிலங்களுக்கு இடையே 18 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப் நடக்கும். அதில் சிறந்த ஆட்டக்காரருக்கு லார்க் பதக்கம். மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளின் சனிக்கிழமை ஆட்டங்களையும் ரெக்ரூட்டர்கள், அதாவது கிளப்புக்காக ஆள் தேடுபவர்கள், தவறவிட மாட்டார்கள்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. பள்ளி ஆட்டத்தில் 35 முறை பந்தை எடுப்பதும், அடிலெய்டில் 17 வயதில் பெரியவர்கள் அணியில் இறங்கி 14 முறை எடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பந்தைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் சிரமம்தான், கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். ஆனால் ஒரு கால்பகுதி முழுக்க அந்த ஒரே பையனை மட்டும் பாருங்கள், பந்து மைதானத்தின் மறுமுனையில் இருந்தாலும் சரி. 20 நிமிஷக் கால்பகுதி, நின்ற நேரத்தைச் சேர்த்தால் அரை மணிக்குப் பக்கத்தில் போகும். அதில் பந்து அவன் கையில் இருக்கிற நேரம் மொத்தமாகவே ஒரு நிமிஷத்துக்குக் கீழே. மிச்ச நேரம் முழுக்க அவன் என்ன செய்கிறான் என்பதை வீடியோ உங்களுக்குக் காட்டாது. நேரில் போவதே அதற்குத்தான்.

முதலில் தலை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடது பக்கமும் வலது பக்கமும் ஒரு தடவை பார்த்துவிடுகிறானா? பார்த்தவன் பந்து கைக்கு வந்ததுமே அடுத்ததைச் செய்துவிடுவான். பார்க்காதவன் பந்தைப் பிடித்துவிட்டு அதற்கப்புறம் சுற்றிப் பார்ப்பான், அந்த ஒரு நொடிக்குள் டாக்கிள் (எதிரி வந்து பிடித்து அமுக்குவது) வந்துவிடும். 18 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அந்த ஒரு நொடி கிடைக்கும். மேலே போனால் கிடைக்காது.

அப்புறம், தரையில் உருளும் பந்து. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை நாளில் சொல்லவே வேண்டாம். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தரையோடு கொண்டுபோய், ஓட்டத்தை நிறுத்தாமல் ஒரே எடுப்பில் எடுக்கிறவன் ஒரு வகை. இடுப்பை மட்டும் வளைத்து ஒரு கையால் தட்டிப் பார்க்கிறவன் இன்னொரு வகை. ஒரே எடுப்பில் எடுப்பவனுக்கு எதிரி வருவதற்குள் இரண்டு அடி கூடுதலாகக் கிடைக்கிறது. என் கணக்கில் ஓட்ட வேகத்தைவிட இது பெரிது, காரணம் இது நான்கு கால்பகுதியும் பயன்படும், எல்லா இடத்திலும் பயன்படும்.

மூன்றாவதாகத் தப்பு செய்த பிறகு வரும் ஐந்து நொடி. அவன் அடித்த கிக் நேராக எதிரணிக்காரன் நெஞ்சில் போய் விழுகிறது. கையை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறானா, சக ஆட்டக்காரனை முறைக்கிறானா, அல்லது அடித்த அதே நொடியில் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டானா? சில பையன்கள் டாக்கிளில் விழுந்து, எழுந்து, பந்து மூன்றாவது ஆளிடம் போவதற்குள் அங்கே போய் நிற்பார்கள். அதை ஒரு ஆட்டத்தில் மட்டும் செய்தால் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தான் என்று அர்த்தம். ஜூன் மாதச் சேற்றில், 50 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலும் செய்தால் அது அவன் சுபாவம்.

கிக் எப்படி மதிப்பிடுவது?

காலைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பாருங்கள். கிக்கில் பாதி வேலை பந்தைக் கையிலிருந்து விடுவதில் முடிந்துவிடுகிறது. நல்ல கிக்கர் பந்தை இடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்து, தாழ்வாக, கோணம் மாறாமல் காலுக்கு நேராக விடுவான்; பந்துக்குக் காற்றில் ஆட நேரமே இருக்காது. நெஞ்சு உயரத்திலிருந்து விடுபவனுடைய பந்து விழும்போது கொஞ்சம் திரும்பும், காற்றடிக்கும் நாளில் ரொம்பவே திரும்பும், கால் படும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். இந்தப் பழக்கம் 18 வயதுக்குள் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. திருத்த முடியாது என்று சொல்லமாட்டேன், கிளப்புகளில் அதற்கென்றே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் களைத்துப்போன நேரத்தில் பழைய பழக்கம் திரும்ப வந்துவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தூரத்தில் மயங்காதீர்கள். 55 மீட்டர் அடிப்பவன் கண்ணுக்கு விருந்து, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சக ஆட்டக்காரனுக்கு முன்னால் இரண்டு அடியில், அவன் வேகம் குறையாமல், 30 மீட்டர் தூரத்துக்குத் தாழ்வாக அடிக்கத் தெரிந்தவன்தான் அணிக்கு உண்மையில் வேண்டியவன். அடுத்தது மறுகால். வலது காலைத் தடுத்து நிற்கும் எதிரியைத் தாண்ட இடது காலால் அடிக்கிறானா, இல்லை ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வலது காலுக்கே வருகிறானா? அப்படி வட்டம் போடுகிறவனை ஏ.எஃப்.எல். தடுப்பாட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ஆட்டத்தில் 30 டிஸ்போசல் எடுக்கிறான், அப்படியென்றால் நல்லவன்தானே?

டிஸ்போசல் என்பது கிக், ஹேண்ட்பால் (பந்தை முஷ்டியால் தட்டிக் கொடுப்பது) இரண்டையும் கூட்டிய எண்ணிக்கை. அது எங்கே, எப்படி வந்தது என்று பிரிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. அரைப் பின்வரிசையில் யாரும் இல்லாத இடத்தில் நின்று பக்கவாட்டில் பந்தை வாங்கி வாங்கிக் கொடுத்தாலே 30 வந்துவிடும். நான் பார்ப்பது: எதிரியோடு மோதி எடுத்தது எத்தனை, நடுவர் பந்தைத் தூக்கிப் போடும் கும்பலிலிருந்து வெளியே கொண்டுவந்த கிளியரன்ஸ் எத்தனை, அவன் கொடுத்த பந்து அடுத்தவனுக்கு உதவியதா, அல்லது அவன் தலையில் டாக்கிளைக் கொண்டுபோய் விட்டதா. கடைசியில் சொன்னதற்கு எண்ணிக்கை கிடையாது. கண்தான்.

எண்கள் எனக்கு வேறு விதத்தில் உதவுகின்றன. என் கண் ஒன்று சொல்லி எண் வேறு ஒன்று சொன்னால், அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஒருவனை மெதுவானவன் என்று நினைத்திருப்போம், டாக்கிள் எண்ணிக்கையில் முதலிடத்தில் நிற்பான். மெதுவானவன் எப்படி அத்தனை பேரைப் பிடித்தான்? முன்கூட்டியே இடம் பார்த்து நகர்ந்திருக்கிறான். அது நல்ல செய்தி.

கம்பைன் சோதனை எண்களை எவ்வளவு நம்பலாம்?

அக்டோபர் வாக்கில் நடக்கும் டிராஃப்ட் கம்பைனில் 20 மீட்டர் ஓட்டம், திரும்பித் திரும்பி ஓடும் சோதனை, நின்ற இடத்திலிருந்தும் ஓடிவந்தும் எம்பும் உயரம், 2 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் அளக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையும் கிளப்புகளின் நேர்காணலும் சேர்ந்தே நடக்கும். 20 மீட்டரை 2.9 நொடிக்குள் ஓடினால் வேகமானவன். 2 கிலோமீட்டரை 6 நிமிஷத்துக்குப் பக்கத்தில் முடித்தால் நல்ல மூச்சு உள்ளவன். 2021இல் லீக் அலீர் ஓடிவந்து எம்பியதில் 107 செ.மீ. எட்டி அதுவரை இருந்த சாதனையைத் தாண்டினார், ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸ் அவரை 15ஆவது தேர்வாக எடுத்தது.

ஆனால் இவை எல்லாம் வெறும் உடம்பின் அளவுகள். நேர்கோட்டில், நின்ற இடத்திலிருந்து, எதிரில் ஆளில்லாமல் ஓடுவது ஃபுட்டியில் எத்தனை முறை நடக்கிறது? ஏ.எஃப்.எல். மிட்ஃபீல்ட் ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுகிறார், அதில் திடீர் ஓட்டமும் திருப்பமும் நிறுத்தமும் கலந்து வரும். பதினைந்தாவது திடீர் ஓட்டமும் முதல் ஓட்டத்தின் வேகத்தில் இருக்கிறதா என்பதைக் கம்பைன் சொல்லாது, நான்காவது கால்பகுதி சொல்லும். சோதனை எண் நான் ஆட்டத்தில் பார்த்ததை உறுதி செய்தால் சந்தோஷம். ஆட்டத்தில் தெரியாத வேகம் சோதனையில் மட்டும் தெரிந்தால், அந்த வேகத்தை ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

உயரம் குறைவாக இருந்தால் வாய்ப்பே இல்லையா?

கேலப் டேனியலை எடுத்துக்கொள்ளுங்கள். 168 செ.மீ. உயரம். 2014இல் லார்க் பதக்கம் வென்றவர், அதாவது தன் வயதுக்காரர்களில் நாட்டிலேயே சிறந்தவர் என்று பெயர் வாங்கியவர். அப்படியும் 46ஆவது தேர்வு வரை யாரும் எடுக்கவில்லை. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் எடுத்தது, 2016இல் அவர்கள் கோப்பை வென்ற அணியில் இருந்தார், 2020இல் ஆல்-ஆஸ்திரேலியன் அணியிலும், அதாவது அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவ அணியிலும், இடம்பிடித்தார். லாக்கி நீல் 2011இல் 58ஆவது தேர்வு. 2020இலும் 2023இலும் பிரவுன்லோ பதக்கம் வென்றார், அது சீசன் முழுக்க நடுவர்கள் போடும் ஓட்டில் கிடைப்பது, லீக்கின் ஆகப் பெரிய தனிநபர் விருது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குள்ளமான பையனுக்கு ஒரு திறமையாவது மற்ற எல்லோரையும்விடத் தூக்கலாக இருந்தாக வேண்டும். டேனியலுக்கு அது கிக்கும் முடிவெடுக்கும் வேகமும். எல்லாமே சுமாராக இருந்து உயரமும் குறைவென்றால் கதவு திறப்பது கடினம்.

நெடிய பையன்களை எடுத்த கிளப்புகள் ஏன் வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன?

நடுவர் தூக்கிப் போடும் பந்துக்கு எம்பித் தட்டும் ரக் ஆட்டக்காரர்களும், முன்னும் பின்னும் நிற்கும் நெடியவர்களும் மெதுவாகத்தான் பழுப்பார்கள். 200 செ.மீ. பையன் 18 வயதில் தன் கைகாலையே இன்னும் முழுதாகப் பழகியிருக்க மாட்டான். எதிரில் நிற்பவன் 28 வயது, 100 கிலோவுக்கு மேல். மேக்ஸ் கான் 2009 டிராஃப்டில் மெல்பர்ன் கிளப்பின் 34ஆவது தேர்வு. முழங்கால் காயங்களோடு போராடி, 2016இல்தான் முதல் முறையாக ஆல்-ஆஸ்திரேலியன் ஆனார். 2021இல் அதே கிளப் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். தேர்ந்தெடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று வருகிறது. மூன்றாவது வருஷத்தில் "வேஸ்ட் தேர்வு" என்று எழுதியவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள்.

இவர்களிடம் நான் பார்ப்பது கோல் எண்ணிக்கையை அல்ல. பந்து காற்றில் இருக்கும்போது கண்ணை எடுக்காமல் கைகளை நீட்டிப் பிடிக்கிறானா, நெஞ்சில் வாங்குகிறானா. பிடிக்க முடியாத பந்தைத் தரைக்காவது கொண்டுவருகிறானா. விழுந்த பிறகு எழுந்து துரத்துகிறானா. அவன் வயதில் எல்லோரையும்விட ஒரு அடி உயரமாக இருந்தால் நெஞ்சில் வாங்கினாலே ஐந்து கோல் அடிக்கலாம். அந்த ஐந்து கோல் எனக்கு எதுவும் சொல்வதில்லை.

பெரிய காயம் பட்டவனை எடுக்கலாமா?

காயத்தைப் பொறுத்தது. முழங்காலின் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிந்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் போகும், ஆனால் சரியாகி வருபவர்கள் நிறைய. மேக்ஸ் கிங் 2018 சீசன் ஆரம்பத்திலேயே ஏ.சி.எல். கிழிந்து அந்த வருஷத்தின் பெரும்பகுதியை ஆடவில்லை, அப்படியும் செயின்ட் கில்டா அவரை 4ஆவதாக எடுத்தது. முந்தைய வருஷங்களில் அவர்கள் பார்த்து வைத்தது போதுமானதாக இருந்தது. அதனால்தான் 16, 17 வயதிலேயே பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். 2020இல் கோவிட் வந்து விக்டோரியா பையன்களுக்கு லீக்கே நடக்காமல் போனபோது, முந்தின வருஷத்துக் குறிப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான் பேச ஏதாவது இருந்தது.

எனக்கு அதிகக் கவலை தருவது தொடையிலும் முதுகிலும் திரும்பத் திரும்ப வரும் சின்னக் காயங்கள், அப்புறம் தலையில் பட்ட அடிகள். தலைக்காயத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. ஏ.எஃப்.எல்.லில் கன்கஷன், அதாவது தலையடியால் மூளை அதிர்ச்சி, ஆனவர் திரும்ப ஆடக் குறைந்தது 12 நாள் ஆக வேண்டும் என்று 2021இலிருந்து விதி இருக்கிறது. ஒரு பையனின் கணக்கில் இந்த அடி பல தடவை வந்திருந்தால், தேர்வு எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவன் ஆயுசைப் பற்றிப் பேச வேண்டும்.

குணத்தை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

கிளப்புகள் வீட்டுக்குப் போகின்றன, பயிற்சியாளரிடம் பேசுகின்றன, பள்ளியில் விசாரிக்கின்றன, மனநல வினாத்தாள் கொடுக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் சில விஷயங்கள் கண்ணில் படும். மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்காரும்போது ஆட்டத்தைப் பார்க்கிறானா, தரையைப் பார்க்கிறானா. பயிற்சியாளர் திட்டும்போது கண்ணைப் பார்த்துக் கேட்கிறானா. அணியில் ரொம்பச் சுமாராக ஆடுகிற பையன் ஒரு நல்ல காரியம் செய்தால் முதலில் ஓடிவந்து தட்டிக்கொடுப்பது யார்?

நேர்காணலில் அழகாகப் பேசுவதற்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. கூச்சப்படும் கிராமத்துப் பையன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வான், பெரிய பள்ளிக்கூடத்துப் பையன் சரளமாகப் பேசுவான். இருவரில் யார் டிசம்பர் வெயிலில் பயிற்சியைத் தாங்குவான் என்பதற்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை.

வீட்டை விட்டுத் தூரமாகப் போவது பிரச்சினையாகுமா?

ஆகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 18 வயதுப் பையன் அம்மா அப்பாவை விட்டு 3,000 கிலோமீட்டர் தள்ளிப்போய், சம்பளத்தோடும் பத்திரிகைக்காரர்களோடும் வாழப் பழக வேண்டும். 2021இன் முதல் தேர்வு ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ், தெற்கு ஆஸ்திரேலியாக்காரர். நார்த் மெல்பர்னில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுப் போர்ட் அடிலெய்டுக்குத் திரும்பினார். 2013இன் முதல் தேர்வு டாம் பாய்ட் ஜி.டபிள்யூ.எஸ்.ஸில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு வந்தார், 2016 இறுதியாட்டத்தில் கோப்பை வெல்ல முக்கியக் காரணமாக இருந்தார், 2019இல் 23 வயதிலேயே ஓய்வு பெற்றார், தன் மனநலப் போராட்டத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். முதல் தேர்வு என்ற பெயர் ஒரு பையன் தோளில் எவ்வளவு கனமாக உட்காரும் என்பதை நாம், ரசிகர்கள், சுலபமாக மறந்துவிடுகிறோம்.

அப்பா ஆடிய கிளப்புக்கு மகன் போவது எப்படி?

அப்பா ஒரு கிளப்புக்காக 100 ஆட்டமாவது ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. வேறு கிளப் அவன் பெயரைச் சொன்னால், அதற்கு ஈடான தேர்வுகளைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பீட்டர் டெய்கோஸின் மகன் நிக் டெய்கோஸ் இப்படித்தான் 2021இல் 4ஆவது தேர்வாகக் காலிங்வுட் போனார். மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில் 2022இல் 2ஆவதாகப் பிரிஸ்பேனுக்கு; 2024, 2025 இறுதியாட்டங்கள் இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே.

மதிப்பிடும்போது அப்பா பெயரை ஒதுக்கி வையுங்கள், இரண்டு பக்கமும். டெய்கோஸ் வீட்டிலேயே மூத்தவர் ஜோஷ் 2016இல் 57ஆவது தேர்வு. அதே அப்பா, அதே வீடு. 2023இல் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் நின்றார்கள்.

முதல் தேர்வு என்றால் சிறந்தவன் என்று அர்த்தமா?

2001ஐப் பாருங்கள். முதலில் லூக் ஹாட்ஜ், இரண்டாவது லூக் பால், மூன்றாவது கிறிஸ் ஜட். ஹாட்ஜ் ஹாதோர்னுக்காக நான்கு கோப்பை, இரண்டு நார்ம் ஸ்மித் பதக்கம். ஜட் இரண்டு பிரவுன்லோ. யாரை முதலில் எடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது, ஹாதோர்ன்காரர்கள் யாரும் வருத்தப்படவில்லை. அதே டிராஃப்டில் 36ஆவது சாம் மிட்செல், 40ஆவது கேரி அப்லெட் ஜூனியர், 58ஆவது டேன் ஸ்வான். மூவருமே பிரவுன்லோ வென்றவர்கள்.

2009இல் முதல் இரண்டு தேர்வும் மெல்பர்ன் கையில் இருந்தது: டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். மூன்றாவது டஸ்டின் மார்ட்டின் ரிச்மண்டுக்குப் போனார், மூன்று நார்ம் ஸ்மித். 20ஆவது நாட் ஃபைஃப், இரண்டு பிரவுன்லோ. அன்றைக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. காயம் யாருக்கு வரும், யார் உடம்பு எப்படிப் பெருக்கும், எந்தக் கிளப்பில் நல்ல பயிற்சியாளர் இருப்பார் என்பதெல்லாம் நவம்பர் ராத்திரியில் யாருக்கும் தெரியாது. வரிசையின் முதல் சில தேர்வுகளில் நல்ல ஆட்டக்காரர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை.

18 வயதில் பெயர் வரவில்லை என்றால் கதை முடிந்ததா?

இல்லை. பிரதான டிராஃப்டில் விடுபட்டவர்களுக்கு ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது, 2019இலிருந்து சீசன் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. டாம் ஸ்டூவர்ட்டை ஜீலாங் 2016இல் 40ஆவதாக எடுத்தபோது அவருக்கு 23 வயது, உள்ளூர் அணியிலிருந்து வந்தவர். இன்று நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர். மேத்யூ பிரிடிஸ் ரூக்கியாக வந்து 2014 பிரவுன்லோ வாங்கினார். மார்லியன் பிக்கெட் 2019 நடு சீசனில் 27 வயதில் ரிச்மண்டுக்கு வந்து, முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தையே அந்த வருஷ இறுதியாட்டத்தில் ஆடிக் கோப்பை வென்றார்.

என் மகன் மெல்பர்னில் ஃபுட்டி ஆடுகிறான், நம்மவர்களுக்கு வழி இருக்கிறதா?

உண்டு. பழங்குடிப் பிள்ளைகளுக்கும், ஆசிய, ஆப்பிரிக்கப் பின்னணி உள்ள பிள்ளைகளுக்கும் கிளப்புகள் நடத்தும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமிகள் இருக்கின்றன. பக்கத்துக் கிளப்பின் அகாடமியைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் உள்ளூர் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடட்டும். 13 வயதில் குள்ளமாக இருக்கிறான், பாக்கெட்டிலேயே நிற்கவைக்கிறார்கள் என்று மனம் தளர வேண்டாம். பயிற்சியாளரிடம் போய், மிட்ஃபீல்டிலும் கொஞ்ச நேரம் ஆட விடுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. வீட்டுப் பின்புறத்தில் மறுகாலால் கிக் பழகச் சொல்லுங்கள், அதற்கு உயரம் தேவையில்லை.

குறிப்பு எழுதுவது எப்படி?

தேதி, மைதானம், காற்று, மழை, எதிரணி, அவன் நின்ற இடம். இவை இல்லாத குறிப்பு ஆறு மாதம் கழித்துப் பயன்படாது. "நல்ல கிக்" என்று எழுதாதீர்கள். "இரண்டாம் கால்பகுதி, காற்றுக்கு எதிராக, இடது காலால் 35 மீட்டர், ஓடுகிறவன் கையில்" என்று எழுதுங்கள். மதிப்பெண்ணை ஆட்டம் முடிந்த உடனே போடாமல் மறுநாள் போடுங்கள், கடைசி நிமிஷத்துக் கோல் கண்ணை மறைக்காது. ஒரே பையனைக் குறைந்தது மூன்று விதமான நாளில் பாருங்கள்: ஜெயித்த நாள், தோற்ற நாள், ஈர நாள். அடுத்த முறை போகும்போது பழைய பக்கத்தைப் புரட்டாமல் போய்ப் புதிதாக எழுதுங்கள், வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகிறதோ அதை நம்பலாம், எங்கே முரண்படுகிறதோ அதற்காக இன்னொரு சனிக்கிழமை போக வேண்டியிருக்கும்.